மாடித் தொட்டிக்கு விலை குறைந்த அடிமண் எது?

மஞ்சக்குப்பம் மாடி: கத்தரி, வெண்டை போட 20 பைகள் வாங்கியாச்சு. கலந்து விற்கும் மண் கட்டுப்படியாகவில்லை. சித்தப்பா, தேவனாம்பட்டினம் கடற்கரை மணலை அள்ளிக்கோ என்கிறார். ரசாயன உரம் போடப் போவதில்லை. என்ன மண் எடுக்கலாம்?

திருப்பாதிரிப்புலியூர் அக்கா: தம்பி, கடல் மணல் வேண்டவே வேண்டாம். உப்புதான் மிச்சம். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் பாருங்கள். வீட்டு வேலைக்கு மண் அடிக்கும் டிராக்டர்காரரிடம் சொன்னால் நாலைந்து மூட்டை இறக்கிவிடுவார். செம்மண்ணை மட்டும் நிரப்பினால் மழையில் இறுகிவிடும், வேர் இறங்காது. பழைய மாடி என்றால் பாரமும் யோசிக்கணும். நான் செம்மண், தேங்காய் நார்த்தூள், மக்கிய சாணம் மூன்றையும் சம அளவில் கலப்பேன். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. அவ்வளவுதான்.

நெல்லிக்குப்பத்தான்: சாணம் கிடைக்கவில்லையா? கரும்பாலைப் பிரஸ்மட் (கரும்புச் சாற்றை வடிகட்டியபின் மிஞ்சும் கசடு) மலிவு. ஆனால் நன்றாக மக்கியதைத்தான் வாங்கணும். பச்சையாகப் போட்டால் சூடேறி நாற்று வெந்துபோகும். கையில் எடுத்தால் உதிரணும், புளித்த வாடை இருக்கக் கூடாது.

மஞ்சக்குப்பம் மாடி: நன்றி அக்கா. நார்த்தூள் கட்டியை அப்படியே கலக்கலாமா?

திருப்பாதிரிப்புலியூர் அக்கா: கூடாது, அதிலும் உப்பு உண்டு. ஊறவைத்தால் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வரும். நிறம் வெளுக்கும்வரை அலசிப் பிழியுங்கள். அப்புறம், ஐப்பசி மழைக்கு முன்னால் பையின் அடி ஓட்டைகளைப் பாருங்கள். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். சித்தப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்!