புதுப்பிப்பு: பைதான் டிக்ட்டில் போட்ட சரிபார்ப்பை அப்டேட் தாண்டிப்போன பிரச்சினை தீர்ந்தது

என் முன்னைய கேள்விக்கு, டிக்ட்டுக்கு (சாவி-மதிப்பு சோடிகளை வைக்கும் பைதான் வகை) பதிலாக யூசர்டிக்ட்டைப் (உள்ளே டேட்டா என்ற பெயரில் ஒரு டிக்ட்டை வைத்திருக்கும் கிளாஸ்) பாவிக்கச் சொன்ன அண்ணாவுக்கு நன்றி. அதுதான் வேலை செய்தது.

பிறகு தேடி வருபவர்களுக்காக: ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்து மடுவத்தில் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை) நிறுவை பதியும் நிரல் இது. டிக்ட்டிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து, செட்ஐட்டத்தில் (ஒரு சாவிக்கு மதிப்பைப் பதியும்போது ஓடும் மெதட்) செக்ரோல் இலக்கத்தை, அதாவது தொழிலாளியின் பதிவு இலக்கத்தை, சரிபார்க்க வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பதிந்தால் ஒழுங்கு. அப்டேட் மூலம் மொத்தமாக ஏற்றினால் '412 ' என்று வால் இடைவெளியோடு வந்ததும் உள்ளே போய், ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு. டிக்ட்டின் அப்டேட் சி மொழியில் எழுதப்பட்டது; நாம் எழுதிய செட்ஐட்டத்தை அது கூப்பிடுவதே இல்லை. யூசர்டிக்ட்டின் அப்டேட் கூப்பிடுகிறது.

தரவை ஜேசன் எழுத்தாக மாற்றும் ஜேசன் டம்ப்ஸ் யூசர்டிக்ட்டை ஏற்காது, உள்ளே இருக்கும் டேட்டாவைக் கொடுங்கள். அது சின்ன விஷயம்.

மெமரிதான் எதிர்பாராதது. அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்து கிளியர் செய்தாலும், டேட்டாவுக்கு கெட்சைஸ்ஆஃப் (ஒரு பொருள் பிடிக்கும் மெமரியைச் சொல்வது) காட்டும் அளவு அப்படியே நின்றது. யூசர்டிக்ட்டின் கிளியர் ஒவ்வொன்றாக அழிக்கிறது. அழிப்பதால் மட்டும் டிக்ட்டின் உள் அட்டவணை சுருங்காது. செல்ஃப்.டேட்டா.கிளியர் என்று உள்ளே இருக்கும் டிக்ட்டின் கிளியரையே நேரே கூப்பிட்டேன், சரி, இறங்கிவிட்டது.