இறுகிப்போன ரப்பரில் கார்ப் (பைக்கில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர்) மாட்டிய அனுபவம் யாருக்கு உண்டு?

ஆர்எக்ஸ்_மதுரை:
என் பைக் யமஹா ஆர்எக்ஸ் 100. கார்ப்பைக் கழற்றி, ஜெட் ஊதி, ஃப்ளோட் பார்த்து எல்லாம் ஆச்சு. இன்ஜினோடு சேரும் மேனிஃபோல்டு பக்கம் எப்படியோ வழிக்கு வந்தது. ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பர்தான் கல். மேல் உதடு ஏறினால் கீழ் உதடு உள்ளே மடிந்துகொள்ளும். கீழே சரிசெய்தால் மேலே நழுவும். எதிர் டீக்கடைக்கு வந்த ஒரு பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். அப்புறம் கடையில் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி, ரப்பரைத் தனியாகக் கழற்றி அதில் போட்டுவிட்டு, நிதானமாக டீ குடித்தார். எடுத்து உதறி, கீழ் உதட்டை முதலில் மாட்டி, கட்டைவிரலால் சுற்றிலும் வழித்தார். டப்! திருப்புளியைத் தொடக்கூட இல்லை. “தள்ளாதே தம்பி, உருட்டு” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் முழுக்க நான் மல்லுக்கட்டியது அவருக்கு ஒரு டீ நேரம். அதுதான் ஆறவில்லை.

ரெட்டைக்குழல்:
ஒரு கார்ப்புக்கே இந்தப் பாடா? ராஜ்தூத் 350-இல் இரண்டு. வலதை உள்ளே தள்ளினால் இடது வெளியே துள்ளும். ஒரு கட்டத்தில் இரண்டு முழங்காலாலும் ஏர் பாக்ஸை (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியை) நெட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன், பக்கத்து வீட்டு அம்மா “என்னப்பா, வண்டிக்குப் பிரசவமா?” என்றார். கடைசியில் ஏர் பாக்ஸ் போல்ட்டுகளைத் தளர்த்திப் பின்னால் நகர்த்தியதும்தான் இடம் கிடைத்தது. இன்ஜின் பக்கம் முதலில், பாக்ஸ் பிறகு. அவ்வளவுதான் விஷயம்.

பழைய_டூஸ்ட்ரோக்:
வெந்நீர் வெந்நீர் என்று எல்லோரும் கிளம்பிவிடாதீர்கள். எனக்கும் ஆர்எக்ஸ்தான். வெந்நீரில் போட்டு மாட்டினேன், கச்சிதமாக ஏறியது. அடுத்த நாளே ஆக்சிலேட்டரை விட்டபிறகும் ஐடிலிங் (சும்மா நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) இறங்காமல் வண்டி அலறியது. ரப்பரின் அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில் விரிசல். வெந்நீர் ரப்பரை இளக்கும், கிழிசலை ஒட்டாது.

இனி மாட்டுகிறவர்களுக்கு: கழற்றியதும் ரப்பரை மடக்கி வெளிச்சத்தில் பாருங்கள். கோடு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். மேனிஃபோல்டு பக்கம் காற்று இழுத்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து மெலியும், பிளக் வெளுக்கும், டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கும் வரை போகும். சந்தேகம் இருந்தால் ஐடிலிங்கில் ரப்பரைச் சுற்றிக் கொஞ்சம் கார்ப் கிளீனர் அடியுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் அங்கேதான் லீக். சூடான சைலன்சர் மேல் அடித்துத் தொலைக்காதீர்கள், தீப்பிடிக்கும். வழுக்கலுக்குக் கிரீஸ் வேண்டவே வேண்டாம், பல ரப்பர்கள் அதில் ஊறி உப்பிவிடும். கிளிசரின் போதும், மருந்துக்கடையிலேயே கிடைக்கும். கிளாம்பை (ரப்பரைச் சுற்றி இறுக்கும் வளையத்தை) கடைசிவரை தளர்வாகவே வையுங்கள். அதன் திருகு திருப்புளி எட்டும் பக்கம் பார்க்கிறதா என்பதை மாட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

டொராண்டோ_தமிழன்:
அந்தக் கடைசி வரிக்கு ஒரு கும்பிடு. என்னுடையது பழைய ஹோண்டா சிபி 750. நான்கு கார்ப்பும் ஒரே சட்டத்தில் வரிசையாக இருக்கும், நான்கும் ஒன்றாகத்தான் ஏற வேண்டும். ஜனவரி, கராஜில் ஹீட்டர் இல்லை, குளிரில் ரப்பர் மடங்கவே மாட்டேன் என்றது. ஹேர் டிரையரால் ஒவ்வொன்றாகச் சூடாக்குவேன்; நான்காவதுக்கு வருவதற்குள் முதலாவது மறுபடி விறைத்திருக்கும். பிறகு சரக்கு கட்டும் ராட்செட் பட்டையைக் கார்ப் வரிசைக்குப் பின்னால் கொடுத்து, ஃபிரேமில் சுற்றி, ஒவ்வொரு பல்லாக இறுக்கினேன். டப், டப், டப் என்று வரிசையாக உட்கார்ந்தது. பார்த்தால் உள்பக்கக் கிளாம்பு ஒன்றின் திருகு இன்ஜினைப் பார்த்து நிற்கிறது. மறுபடி எல்லாவற்றையும் பிடுங்கினேன்.

ஆர்எக்ஸ்_மதுரை:
பழைய டூஸ்ட்ரோக் அண்ணா, நான் சொன்னது ஏர் ஃபில்டர் பக்கம். நீங்கள் சொல்வது மேனிஃபோல்டு. வேறு வேறு ரப்பர்!

பழைய_டூஸ்ட்ரோக்:
தெரியும் தம்பி. ஏர் ஃபில்டர் ரப்பரில் கிழிசல் இருந்தால் தூசி நேராகச் சிலிண்டருக்குப் போகும். அது மட்டும் பரவாயில்லையா?

ரெட்டைக்குழல்:
சண்டை போதும். புது ரப்பருக்கு, சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வாங்கும் முன் விரலால் மடக்கிப் பாருங்கள். புதிதே விறைப்பாக இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.