மூன்று ஆய்வகங்களின் எச்டிஎல், எல்டிஎல் முடிவுகளை ஒரே தொகுப்பில் சேர்க்க முடியுமா?

தரவுத்தொகுப்பாளர்:

வணக்கம். இதயநலம் தொடர்பான நீண்டகால ஆய்வு ஒன்றில் தரவுகளைத் தொகுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். பங்கேற்பாளர்களின் ரத்தக் கொழுப்பு அளவுகள் மூன்று ஆய்வகங்களில் பார்க்கப்படுகின்றன. மூன்றும் நாள்தோறும் கன்ட்ரோல் சீரம் (கருவியைச் சரிபார்க்கும், அளவு தெரிந்த சீரம்) ஓட்டுகின்றன, அவற்றின் அன்றாடச் சிதறலும் குறைவாகவே உள்ளது. ஆனால் ஓர் ஆய்வகத்தின் எச்டிஎல் (‘நல்ல’ கொலஸ்ட்ரால்) சராசரி மட்டும் மற்ற இரண்டையும்விடத் தொடர்ந்து தாழ்வாக வருகிறது. வெளித்தர மதிப்பீட்டுத் திட்டம் ஒன்றிலிருந்து மூன்றுக்கும் ஒரே உலர்த்திய சீரம் வந்தபோது, அதிலும் அந்த ஆய்வகம் ஏறத்தாழ 9 சதவீதம் குறைவாகவே காட்டியது. எனவே அதன் எச்டிஎல் முடிவுகள் எல்லாவற்றையும் 1.1-ஆல் பெருக்கிச் சேர்த்துவிடலாம் என்று எங்கள் குழுவில் ஒரு யோசனை எழுந்துள்ளது. எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) மூன்றிலும் மற்ற அளவுகளிலிருந்து ஃபிரீட்வால்ட் சூத்திரப்படியே கணக்கிடப்படுகிறது. இவ்வாறு பெருக்குவது முறையா?

சீரம்_மேசை:

தயவுசெய்து அந்த 1.1-ஐப் பயன்படுத்தாதீர்கள். அந்த எண் உலர்த்திய சீரத்தைப் பற்றியது. பங்கேற்பாளர்களின் ரத்தத்தைப் பற்றி அது எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

இன்றைய தானியங்கிக் கருவிகளில் எச்டிஎல்லைப் பெரும்பாலும் நேரடி முறையில்தான் அளக்கிறோம். டிடர்ஜென்ட், பாலிமர், நொதி போன்றவற்றைக் கொண்டு மற்ற லிப்போபுரதங்களை (ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்களை) மறைத்தோ விலக்கியோ எச்டிஎல்லில் உள்ள கொலஸ்ட்ராலை மட்டும் வினைபுரிய வைப்பதே அதன் அடிப்படை. இதை ஒவ்வொரு ரீஏஜென்ட் (சோதனை வினைப்பொருள்) தயாரிப்பாளரும் வெவ்வேறு வழியில் செய்கிறார். சீரத்தை உறையவைத்து உலர்த்தும்போது லிப்போபுரதங்களின் கட்டமைப்பு மாறுகிறது. பதப்படுத்தும் பொருள்களும் அதில் கலந்திருக்கலாம். அத்தகைய சீரத்தில் ஒரு ரீஏஜென்ட் 9 சதவீதம் குறைவாகக் காட்டினாலும், அதே ரீஏஜென்ட் புதிதாக எடுத்த ரத்தத்தில் 2 சதவீதம் மட்டுமே குறைவாகக் காட்டலாம், கூடுதலாகக்கூடக் காட்டலாம். ஒரு கட்டுப்பாட்டுப் பொருள் எல்லா முறைகளிலும் நோயாளியின் சீரத்தைப் போலவே நடந்துகொள்ளும் இயல்பைக் கம்யூட்டபிலிட்டி என்கிறோம். அந்த இயல்பு இல்லாத பொருளைக் கொண்டு ஆய்வகங்களை ஒன்றோடொன்று இணைக்க முடியாது.

அன்றாடச் சிதறல் குறைவாக இருப்பதும் இதற்கு விடையாகாது. ஓர் ஆய்வகம் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு தவறாகக் காட்டினாலும் அதன் கன்ட்ரோல் வரைபடம் அழகாகவே இருக்கும்.

மொத்தக் கொலஸ்ட்ராலின் நிலை ஓரளவு நல்லது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1950களிலேயே அதைத் தரப்படுத்தும் பணியைத் தொடங்கிவிட்டது. 1952-இல் வெளிவந்த ஏபெல்–கெண்டல் முறையைச் செம்மைப்படுத்தி, மற்ற முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ரெஃபரன்ஸ் முறையாக்கினார்கள். தூய படிகக் கொலஸ்ட்ரால் ஒன்று அதற்கு அடியில் உள்ள உண்மைப் பொருள். அங்கிருந்து ரெஃபரன்ஸ் ஆய்வகங்கள், தயாரிப்பாளரின் கேலிபரேட்டர் (கருவியின் அளவைச் சரியாக அமைக்கும் பொருள்), நம் மேசையில் உள்ள கருவி என்று ஒரு சங்கிலி இறங்கிவருகிறது. எச்டிஎல்லுக்கு அப்படிப் புட்டியில் எடுத்து வைக்கக்கூடிய தூய பொருள் கிடையாது. அல்ட்ராசென்ட்ரிஃபியூஜில் (மிக வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவியில்) சுழற்றி, ஹெப்பாரின்–மாங்கனீசு சேர்த்து வீழ்படிவாக்கிய பிறகு எஞ்சும் கரைசலில் உள்ள கொலஸ்ட்ராலே எச்டிஎல் கொலஸ்ட்ரால் என்று செய்முறையாலேயே அது வரையறுக்கப்பட்டுள்ளது. இயல்பான சீரத்தில் நன்றாக ஒத்துப்போகும் நேரடி முறைகள், ட்ரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) மிகுந்த சீரத்திலோ லிப்போபுரதங்கள் இயல்புக்கு மாறாக உள்ள சீரத்திலோ பிரிந்து செல்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது பங்கேற்பாளர்களின் மாதிரிகளையே பகிர்ந்து அளப்பது. குறைந்தது 40 பேரின் சீரத்தைத் தேர்ந்தெடுங்கள். தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த அளவுகள் எல்லாம் அவற்றில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பகுத்து மூன்று ஆய்வகங்களுக்கும் ஒரே நாளில் கொடுத்து, பல நாள்களுக்குப் பரப்பி அளக்கச் சொல்லுங்கள். சராசரி வேறுபாட்டை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், அளவு கூடக்கூட வேறுபாடு எப்படி மாறுகிறது என்று வரைந்து பாருங்கள். இயன்றால் அவற்றில் சில மாதிரிகளை ரெஃபரன்ஸ் ஆய்வகம் ஒன்றிலும் அளந்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போய், மூன்றுமே உண்மையிலிருந்து விலகியிருக்கக்கூடும்.

எண்கணக்கு:

மேலே சொன்னதோடு எல்டிஎல் பற்றியும் கவனம் தேவை. 1972-இல் வந்த ஃபிரீட்வால்ட் சூத்திரப்படி, மில்லிகிராம்/டெசிலிட்டர் அலகில், மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கிறோம். ஒருவரின் உண்மையான அளவுகள் மொத்தம் 200, எச்டிஎல் 50, ட்ரைகிளிசரைடு 150 என்றால் எல்டிஎல் 120. முதல் ஆய்வகம் மொத்தத்தை 3 சதவீதம் கூட்டியும் எச்டிஎல்லை 5 சதவீதம் குறைத்தும் காட்டினால் 206, 47.5 என்று வந்து, எல்டிஎல் 128.5 ஆகிறது. இரண்டாம் ஆய்வகம் அதே அளவு எதிர்த்திசையில் விலகினால் 194, 52.5 என்று வந்து, எல்டிஎல் 111.5 ஆகிறது. அமெரிக்கத் தேசியக் கொலஸ்ட்ரால் கல்வித் திட்டம் மொத்தத்துக்கு 3 சதவீதமும் எச்டிஎல்லுக்கு 5 சதவீதமும் விலகலை அனுமதித்தது. இரண்டு ஆய்வகங்களும் அந்த வரம்புக்குள்தான் இருக்கின்றன. ஆனால் ஒரே ரத்தத்தில் எல்டிஎல் 17 மில்லிகிராம் வேறுபட்டுவிட்டது! எல்டிஎல்லுக்கு அதே திட்டம் வகுத்த 4 சதவீத வரம்பை இருவருமே தாண்டிவிட்டார்கள்.

ஆகவே எல்டிஎல்லைத் தனியாகத் திருத்த முயல வேண்டாம். மூன்று மூல அளவுகளையும் சரிபார்த்த பிறகு, நீங்களே ஒரே சூத்திரத்தால் மீண்டும் கணக்கிடுங்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டியவர்களுக்கு ஃபிரீட்வால்ட் பொருந்தாது. 2020-இல் வெளிவந்த சாம்ப்சன் சமன்பாட்டை 800 வரை பயன்படுத்தலாம்.

ஊசிமுனை:

ஆய்வகத்துக்குள் நுழைவதற்கு முன்பே வேறுபாடு தோன்றியிருக்கலாம் என்பதை யாரும் குறிப்பிடவில்லை. ஒரு மையத்தில் உட்காரவைத்தும் இன்னொன்றில் படுக்கவைத்தும் ரத்தம் எடுத்தால், படுத்தவரின் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடிக் கொலஸ்ட்ரால் குறைந்து தெரியும். கைப்பட்டையை நீண்ட நேரம் இறுக்கி வைத்தால் அதற்கு மாறாகக் கூடும். இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் எடுத்த பிளாஸ்மா, உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் சீரத்தைவிடச் சில சதவீதம் குறைவாகக் காட்டும். மூன்று மையங்களிலும் குழாய், உட்கார்ந்தோ படுத்தோ இருந்த நிலை, உண்ணாதிருந்த நேரம் ஆகியவை ஒன்றா என்று முதலில் கேளுங்கள். ட்ரைகிளிசரைடுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: ரத்தத்தில் தனியாக உள்ள கிளிசராலைக் கழிக்கும் ரீஏஜென்ட்டும் கழிக்காத ரீஏஜென்ட்டும் புழக்கத்தில் உள்ளன. எந்த ஆய்வகம் எதைப் பயன்படுத்துகிறது என்று பெட்டிக்குள் வரும் விளக்கத்தாளிலேயே பார்த்துவிடலாம்.

தரவுத்தொகுப்பாளர்:

மூவருக்கும் நன்றி. பெருக்கும் யோசனையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு மையங்களில் இடிடிஏ குழாய், ஒன்றில் சாதாரணச் சீரக் குழாய் என்பது இப்போதுதான் தெரியவந்தது. தொடக்க ஆண்டுகளின் சீரம் −70 டிகிரியில் சேமிப்பில் உள்ளது. அதைக் கொண்டு பழைய முடிவுகளை மீட்க வழி உண்டா?

சீரம்_மேசை:

ஒருமுறைகூட உருகாத குழாய்கள் என்றால் நல்ல வழி உண்டு. ஒவ்வோர் ஆண்டிலிருந்தும், ஒவ்வோர் ஆய்வகத்திலிருந்தும் சமவாய்ப்பு முறையில் சிலவற்றை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) ரீஏஜென்ட்டில், வரிசையைக் கலைத்து அளக்கச் சொல்லுங்கள். ஆண்டுவாரியாகப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டால், எந்த லாட் மாறியபோது எண்கள் நகர்ந்தன என்பது புலப்படும். விலகல் சீராக இருக்கும் காலத்துக்கு மட்டும் திருத்தச் சமன்பாடு போடுங்கள். ட்ரைகிளிசரைடின் அளவைப் பொறுத்து விலகல் மாறினால் எந்தக் காரணியும் அதைச் சரிசெய்யாது. அந்தக் காலத்து எச்டிஎல்லை மறுபடியும் அளக்க வேண்டும், அல்லது பகுப்பாய்வில் ஆய்வகத்தையே ஒரு மாறியாகச் சேர்க்க வேண்டும். எந்த நிலையிலும் மூல எண்களை அழிக்காமல் திருத்திய எண்களைத் தனி நெடுவரிசையில் வையுங்கள். இனி லாட் மாறும்போதெல்லாம் பழைய லாட்டிலும் புதிய லாட்டிலும் பங்கேற்பாளர்களின் சீரத்தையே ஓட்டிப் பார்க்கும்படி மூன்று ஆய்வகங்களிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.