பிரிட்டன் – பிரான்ஸ் ராணுவக் கூட்டு: களத்தில் இருக்கிறதா, காகிதத்தில் மட்டுமா?

ஈஸ்ட்ஹாம் குமரன்:
2025 ஜூலை 10 அன்று பிரிட்டன் பிரதமர் ஸ்டார்மரும் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் நார்த்வுட் ராணுவத் தலைமையகத்தில் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். இரு நாட்டு அணு ஆயுதங்களும் தனித்தனிதான், ஆனால் தேவைப்பட்டால் ஒருங்கிணைத்துக் கொள்ளலாம். ஐரோப்பாவுக்கு மிகக் கடுமையான ஆபத்து வந்தால் இருவரும் பதில் கொடுப்பார்கள் என்பது அதன் சாரம். இரு நாட்டுக் கூட்டுப் படையை 50,000 பேர் வரை பெருக்குவோம் என்றும் சொன்னார்கள். இங்கே பலர் இதைப் பெரிய திருப்பமாக எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2010 நவம்பர் 2 அன்று அன்றைய பிரதமர் கேமரனும் பிரெஞ்சு அதிபர் சர்கோசியும் லண்டன் லங்காஸ்டர் ஹவுஸில் ராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோதும் இதே மேளம்தான் அடித்தார்கள். பிரெஞ்சு ரஃபேல் வந்து இறங்கும்படி நம் புது விமானந்தாங்கிக் கப்பலை மாற்றிக் கட்டப் போகிறோம் என்றார்கள். 2012 மே மாதம் என்ன ஆனது? மாற்றும் செலவு இரட்டிப்பாகி 200 கோடி பவுண்டைத் தொடுகிறது என்று சொல்லிக் கைகழுவினார்கள். அதற்கு முன்பு பிரான்ஸ் என்ன செய்தது? பிரிட்டிஷ் கப்பலின் வடிவமைப்புக்குப் பங்குப் பணம் கட்டிவிட்டு, கப்பலே வேண்டாம் என்று போய்விட்டது. அப்புறம் ஆளில்லாப் போர் விமானம். 2014-ல் கூட்டு ஆய்வு தொடங்கியது. 2017-ல் பிரான்ஸ் ஜெர்மனியோடு அடுத்த தலைமுறை விமானம் செய்யக் கிளம்பியது, 2018-ல் பிரிட்டன் டெம்பெஸ்ட் என்ற போர் விமானத்தைத் தனியே அறிவித்தது. இப்போது அது இத்தாலி, ஜப்பானோடு ஓடுகிறது. அந்த 15 ஆண்டில் சேர்ந்து கட்டி முடித்த பெரிய போர்க்கப்பலோ விமானமோ ஒன்றைச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

புதுவைக்காரன்:
குமரன் சார், கேள்வியையே உங்களுக்கு வசதியாக வெட்டி வைத்திருக்கிறீர்கள். கப்பல், விமானம் மட்டும்தான் கணக்கா? ஸ்டார்ம் ஷேடோ ஏவுகணையை எங்கே வைப்பீர்கள்? பிரெஞ்சுக்காரர்கள் அதையே ஸ்கால்ப் என்கிறார்கள். நம் இந்திய விமானப்படையின் ரஃபேல் சுமக்கும் அதே சரக்கு. 1,300 கிலோ எடை, 250 கிலோமீட்டருக்கு மேல் போகும். 1990-களில் இரண்டு நாடும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. 2023 மே மாதம் பிரிட்டன் உக்ரைனுக்குக் கொடுத்தது, ஜூலையில் பிரான்ஸ் கொடுத்தது. சோவியத் காலத்து சுகோய்-24-ன் இறக்கையில் அதைத் தொங்கவிட்டு, ரஷ்யாவின் கருங்கடல் கடற்படையை உக்ரைன் என்ன பாடு படுத்தியது என்று தெரியும்தானே?

அதைவிட முக்கியம் 2015-ல் போட்ட ஒப்பந்தம். எம்பிடிஏ என்ற ஐரோப்பிய ஏவுகணை நிறுவனத்தின் ஏவுகணைகளில் சில பாகங்கள் இனி பிரிட்டனில் மட்டும், சில பாகங்கள் பிரான்ஸில் மட்டும் என்று பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் முறுக்கிக்கொண்டால் மற்றவருக்கும் ஏவுகணை வராது. இறையாண்மை என்று சதா பேசும் இரண்டு நாடுகள் குடுமியை இப்படி ஒருவர் கையில் ஒருவர் கொடுத்தது சாதாரண விஷயமா?

பழைய மாலுமி:
புதுவைக்காரரே, அந்த ஏவுகணையை ரஷ்ய மண்ணுக்குள் அடிக்க உக்ரைன் எத்தனை மாதம் கெஞ்சியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2024 நவம்பரில் பைடன் தன் நாட்டு ஏவுகணைகளுக்குத் தலையாட்டிய பிறகுதான் ஸ்டார்ம் ஷேடோவும் எல்லை தாண்டியது. செய்தது லண்டனும் பாரிசும், சாவி வாஷிங்டனில்.

லிபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். லங்காஸ்டர் ஹவுஸ் மை காய்வதற்குள், 2011 மார்ச் 19 அன்று தொடங்கிய போர். முதல் அடி பென்காசி அருகே பிரெஞ்சு ரஃபேல்களுடையது. பிரிட்டன் தன் ஆர்க் ராயல் விமானந்தாங்கிக் கப்பலையும் ஹாரியர் விமானங்களையும் அப்போதுதான் ஓய்வு கொடுத்து அனுப்பியிருந்தது. அதனால் டொர்னாடோ விமானங்கள் இங்கிலாந்தின் மார்ஹாமிலிருந்தே புறப்பட்டு, நடுவானில் எரிபொருள் வாங்கி, குண்டு போட்டுவிட்டுத் திரும்பின. ஜூன் மாதம் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் பிரஸ்ஸல்ஸில் எல்லார் முகத்துக்கு நேராகவே சொன்னார்: ஆள் பலமில்லாத ஒரு நாட்டின் மீது நடக்கும் போரில் 11 வாரம்தான் ஆகிறது, அதற்குள் பல கூட்டாளிகளிடம் குண்டு தீர்ந்து எங்களிடம் வந்து நிற்கிறார்கள் என்று. வானில் எரிபொருள் கொடுத்ததும் பெரும்பாலும் அமெரிக்க விமானங்கள்தான். கேமரனும் சர்கோசியும் செப்டம்பரில் பென்காசியில் கை தூக்கி நின்ற படம் மட்டும் நன்றாக வந்தது.

இது 1956-லேயே முடிவான கதை. எகிப்தின் சூயஸ் கால்வாயைப் பிடிக்க இரண்டு பேரும் சேர்ந்து இறங்கினார்கள், ராணுவ ரீதியில் தோற்கவும் இல்லை. அமெரிக்கா பவுண்டின் கழுத்தைப் பிடித்தது. பிரிட்டன் பிரதமர் ஈடன் நவம்பர் 6 அன்று போரை நிறுத்தினார். பிரெஞ்சுப் பிரதமர் மொல்லே இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியும் கேட்கவில்லை. அந்த ஒரே அடியில் இரண்டு நாடும் இரண்டு வேறு பாடம் படித்தன. இனி அமெரிக்காவை விட்டு விலகவே கூடாது என்று பிரிட்டன் 1958-ல் அணு ஆயுத ஒப்பந்தம் போட்டது. இனி யாரையும் நம்பக் கூடாது என்று பிரான்ஸ் 1960-ல் சகாராவில் சொந்த குண்டை வெடித்தது. அந்தப் பிளவு இன்னும் அப்படியே இருக்கிறது.

தாரணி:
மாலுமி ஐயா, சூயஸ் வரை சரி. "அப்படியே இருக்கிறது" என்ற கடைசி வரிதான் எனக்கு ஒப்பவில்லை. 2010-ல் கையெழுத்தானது ஒரு ஒப்பந்தம் இல்லை, இரண்டு. இரண்டாவதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. அது அணு ஆயுத ஆய்வுக் கூடங்களைப் பகிர்ந்துகொள்வதற்கானது, 50 ஆண்டுக்குப் போட்டது. டுட்டாட்டிஸ் என்று பெயர்.

இரண்டு நாடும் அணுகுண்டு வெடித்துச் சோதிப்பதை நிறுத்திவிட்டன. பிரிட்டன் கடைசியாக 1991-ல், பிரான்ஸ் 1996-ல். கிடங்கில் பழசாகிக்கொண்டிருக்கும் அணுமுனை, அதாவது ஏவுகணைத் தலையில் உள்ள குண்டு, இன்னும் வேலை செய்யுமா என்று வெடிக்காமலே கண்டுபிடிக்க வேண்டும். அணுவெடிப்பு நிகழாத அளவில் பொருளை அதிர்வெடியால் நசுக்கி, அந்தக் கணத்தில் அதிசக்தி எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். அந்தக் கூடம் பிரான்ஸில் திஜோன் நகருக்குப் பக்கத்தில் வால்துக்கில் இருக்கிறது. ஆங்கிலேய விஞ்ஞானிகள் தங்கள் பொருளைக் கொண்டுபோய், பிரெஞ்சு மண்ணில், பிரெஞ்சுக்காரர்கள் கண்ணில் படாமல் தங்கள் சோதனையைச் செய்துகொண்டு வரலாம். அதற்கான தொழில்நுட்ப வளர்ச்சி மையம் இங்கிலாந்தின் ஆல்டர்மாஸ்டனில்.

நீர்மூழ்கியிலிருந்து ஏவும் டிரைடென்ட் அணு ஏவுகணையை அமெரிக்கக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் நாடு பிரிட்டன். அந்த நாடு, அணுமுனை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வேலையைப் பிரான்ஸுக்குள் வைத்திருக்கிறது. பிரெக்சிட் வந்தது, ஆக்கஸ் (ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா செய்த நீர்மூழ்கி ஒப்பந்தம்) சண்டை வந்தது, பிரதமர்கள் மாறி மாறி வந்தார்கள். இந்த வேலை மட்டும் நிற்கவில்லை. பேச்சு அளவில் மட்டும் இருக்கிற உறவு என்றால் இதைத்தான் முதலில் மூடியிருப்பார்கள்.

ஈஸ்ட்ஹாம் குமரன்:
தாரணி, செலவை மிச்சம் பிடிக்க ஒரே எக்ஸ்ரே கூடத்தைப் பங்கு போட்டதை இவ்வளவு உயர்த்த வேண்டாம். அணு ஆயுத நீர்மூழ்கி எங்கே சுற்றுகிறது என்பதை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொன்னதே இல்லை. 2009 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் பிரிட்டனின் வான்கார்டும் பிரான்ஸின் லெ த்ரியோம்ஃபானும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டதே, மறந்துவிட்டதா? முதலில் ஏதோ கன்டெய்னரில் இடித்துவிட்டோம் என்று பிரெஞ்சுக் கடற்படை நினைத்தது! இரண்டிலும் அணு ஏவுகணை.

அரசியல் உறுதி பற்றியும் சொல்ல வேண்டும். 2013 ஆகஸ்ட் 29, சிரியா மீது தாக்குதல். பிரான்ஸ் விமானங்களைத் தயார் நிலையில் வைத்திருந்தது. இங்கே நாடாளுமன்றம் 285-க்கு 272 என்று மறுத்தது. பிரெஞ்சு அதிபர் ஒலாந்து நடுத்தெருவில் நின்றார்.

சும்மா வந்தவன்:
வந்தவாசியில் 1760-ல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதிக்கொண்டதைப் பார்த்த ஊர்க்காரன் நான். இவர்கள் சேருவார்கள் என்று எங்கள் ஊரில் பந்தயம் கட்ட ஆள் கிடைக்காது.

புதுவைக்காரன்:
அந்தச் சண்டையில் எல்லாம் இழந்தது எங்கள் ஊர், கோட்டையோடு! அடுத்த ஆண்டே புதுச்சேரிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். ஆனால் தம்பி, இழையை அங்கே இழுக்காதீர்கள், இரவு முழுக்கப் போகும்.

குமரன் சார் கேள்விக்கு வருகிறேன். ஒலாந்தை 2013-ல் நடுத்தெருவில் விட்டது பிரிட்டன் மட்டுமில்லை, ஒபாமாவும்தான். அதே பிரிட்டன் 2018 ஏப்ரலில் அமெரிக்கா, பிரான்ஸோடு சேர்ந்து சிரியாவின் ரசாயன ஆயுத இடங்களை அடித்தது. அதையும் எழுதியிருக்கலாம்.

சிவா_லாசப்பல்:
அண்ணைமார், பெரிய மேடைப் பேச்சை விட்டுவிட்டு அன்றாட வேலையைப் பாருங்கோ. பிரித்தானியா 2010-ல் நிம்ரொட் கண்காணிப்பு விமானங்களை ஒரேயடியாக உடைத்துப்போட்டது. பிறகு 2014 கடைசியில் ஸ்கொட்லாந்துக் கரைக்குப் பக்கத்தில் ரஷ்ய நீர்மூழ்கி ஒன்று வந்திருக்கலாம் என்ற சந்தேகம். தேடுவதற்கு விமானம் இல்லை. நேச நாட்டு விமானங்கள் ஸ்கொட்லாந்தின் லோசிமவுத் விமானத் தளத்துக்கு வந்தன, அதில் அட்லாண்டிக் என்ற பிரெஞ்சுக் கண்காணிப்பு விமானமும் இருந்தது. பிரித்தானிய அணு நீர்மூழ்கிகள் வெளியே போகிற வாசலைப் பிரெஞ்சுக்காரன் காவல் காத்தான் என்றுதான் அதற்கு அர்த்தம். 2020-ல் புதிய பி-8 விமானங்கள் வரும் வரைக்கும் இந்த ஓட்டை இருந்தது.

ஆப்பிரிக்காவின் மாலியில் தலைகீழ். பிரெஞ்சுத் தரைப்படையிடம் சினூக் மாதிரி கனரக ஹெலிகொப்டர் இல்லை. சகேல் பகுதியில் தூரம் எவ்வளவு என்று வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும். தரை வழியாகப் போனால் கண்ணிவெடி. 2018-ல் பிரித்தானியா மூன்று சினூக்குகளைக் காவோ முகாமுக்கு அனுப்பியது, நாலு வருடத்துக்குக் கிட்ட அங்கே நின்றன. சண்டையிட இல்லை, ஆளும் தண்ணீரும் தோட்டாவும் சுமக்க. அதற்கு முன்னம் 2013 ஜனவரியில் மாலியில் பிரான்ஸின் செர்வால் நடவடிக்கை தொடங்கியபோதே சி-17 விமானங்களைக் கொடுத்தார்கள். ஒருவரிடம் இல்லாததை மற்றவர் நிரப்புகிற இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவின் கையெழுத்து எங்கே தேவைப்பட்டது, மாலுமி அண்ணை?

பழைய மாலுமி:
தம்பி சிவா, மூன்று ஹெலிகாப்டர் கொடுப்பது நல்ல அண்டை வீட்டாரின் வேலை. நான் கேட்பது, மனம் கசக்கிற முடிவு வரும்போது என்ன நடக்கிறது என்று. 2021 செப்டம்பரில் ஆக்கஸ் அறிவித்தார்கள். ஆஸ்திரேலியா பிரெஞ்சு நீர்மூழ்கி 12-க்குக் கொடுத்த ஆர்டரை ரத்து செய்தது. பிரான்ஸ் வாஷிங்டனிலிருந்தும் கான்பெராவிலிருந்தும் தூதரைத் திரும்பக் கூப்பிட்டது. லண்டன் தூதரைக் கூப்பிடவில்லை. ஏன் தெரியுமா? பிரிட்டன் இந்த வண்டியில் ஐந்தாவது சக்கரம் என்று வெளியுறவு அமைச்சர் லெ த்ரியான் சொல்லிவிட்டார். கோபப்படக்கூட லாயக்கில்லை என்ற அளவுக்கு அவமானம். இவர்கள்தான் ஐரோப்பாவுக்கு அணுக்குடை விரிப்பார்களா?

தாரணி:
அந்தக் கோபம் வந்த நான்கே ஆண்டில் நார்த்வுட் வந்திருக்கிறது என்பதைத்தான் நீங்கள் தாண்டிப் போகிறீர்கள், ஐயா. என்ன மாறியது? டிரம்ப் திரும்ப வந்தார். நேட்டோவின் அணு திட்டக் குழுவில் பிரான்ஸ் உட்காருவதே இல்லை; அந்த நாடு பிரிட்டனோடு ஒரு அணு வழிநடத்தும் குழு அமைக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சு அதிபரின் எலிசே மாளிகையும் பிரிட்டிஷ் அமைச்சரவை அலுவலகமும் அதை நடத்தும். உங்கள் வாதப்படியே வாஷிங்டன்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்றால், வாஷிங்டன் ஒதுங்க ஒதுங்க இவர்கள் நெருங்கத்தான் வேண்டும். அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

ஈஸ்ட்ஹாம் குமரன்:
நெருங்கினார்களா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 15,000 கோடி யூரோ ஆயுதக் கடன் நிதியான சேஃப் திட்டத்தில் பிரிட்டன் சேர முயன்றது. 2025 நவம்பரில் பேச்சு முறிந்தது. நுழைவுக் கட்டணமே பல நூறு கோடி யூரோ கேட்டார்கள். கறாராக நின்றவர்களில் பிரான்ஸ் முதல் வரிசை என்று செய்தி. ஜூலையில் கட்டிப்பிடித்தார்கள், நவம்பரில் கல்லாவில் உட்கார்ந்து ரசீது நீட்டினார்கள். ஆயுதத் தொழிற்சாலை என்று வந்தால் பிரான்ஸுக்கு நண்பரும் இல்லை, அயலாரும் இல்லை.

50,000 பேர் கணக்குக்கும் யாராவது பதில் சொல்லுங்கள். பிரிட்டிஷ் தரைப்படையின் முழுநேர வீரர்களே எழுபதாயிரம் சொச்சம்தான். கூட்டுப் படை 10,000 பேரோடு தயார் என்று அறிவிக்கவே 2010-லிருந்து 2020 வரை ஆனது. அந்த முழுப் படையும் ஒரு உண்மையான போருக்காவது போயிருக்கிறதா? பயிற்சி, பயிற்சி, மறுபடி பயிற்சி.

சிவா_லாசப்பல்:
முழுப் படையாகப் போகவில்லை, உண்மை. ஆனால் அந்தப் பத்து வருடத்தில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் மற்றவரின் படைப்பிரிவுத் தலைமையகத்தில் உட்கார்ந்து வேலை பழகினார்கள். உக்ரைனில் போர்நிறுத்தம் வந்தால் அனுப்புவதற்கான பன்னாட்டுப் படைக்குத் தலைமையகம் முதலில் பாரிஸ், ஒரு வருடத்துக்குப் பிறகு லண்டன் என்று அவ்வளவு சீக்கிரம் ஏற்பாடு செய்ய முடிந்தது அதனால்தான். ஜெர்மனியோடு பிரான்ஸுக்கு எவ்வளவோ நெருக்கம் இருந்தும், வெளிநாட்டில் சண்டைக்குப் படை அனுப்புவது என்றால் பாரிஸ் முதலில் பார்க்கிறது லண்டனைத்தான். பெர்லினில் நாடாளுமன்றம் கூடி முடிவெடுக்க வேண்டும்.

ஈஸ்ட்ஹாம் குமரன்:
சிவா, தலைமையகத்துக்கு நாற்காலி போட்டாயிற்று, ஒத்துக்கொள்கிறேன். எத்தனை பட்டாலியன், எந்த நாட்டுக் குண்டு, மூன்றாவது மாதம் யார் நிரப்பித் தருவார்கள் என்பதையும் எழுதுங்கள். கேட்ஸ் 2011-ல் கேட்ட கேள்வியும் அதுதான்.