மறு: ‘இன்க்ளூட் கார்டு’க்குத் தமிழ்ச்சொல் – ‘மறுசேர்ப்புத் தடுப்பு’

வணக்கம். சி மொழி நிரல்களில் ஒரே தலைப்புக் கோப்பு (ஹெடர்; பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் அறிவிப்புகள் உள்ள கோப்பு) இரண்டு முறை உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும் சில வரிகளே ‘இன்க்ளூட் கார்டு’. அதற்கு நம் சொற்பட்டியலில் ‘மறுசேர்ப்புத் தடுப்பு’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

> ‘சேர்ப்புக் காவல்’ என்றே வைத்துவிடலாமே? சுருக்கமாக இருக்கிறது, ஆங்கிலச் சொல்லுக்கும் பொருந்துகிறது.

சுருக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காவல் என்றதும் வெளியாளை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வது என்றே படிப்பவர் மனத்தில் ஓடும். இங்கே வருவது ஏற்கெனவே உள்ளே வந்த அதே கோப்பு. ஒரு சி நிரல் இரண்டு தலைப்புக் கோப்புகளைச் சேர்க்கிறது; அவை இரண்டும் தத்தம் தேவைக்கு மூன்றாவது ஒன்றைச் சேர்க்கின்றன. முன்செயலி (பெயர்ப்புக்கு முன் கோப்புகளைச் சேர்த்துக் கொடுக்கும் பகுதி) அந்த மூன்றாவதை இரண்டு தடவையும் அப்படியே கொண்டுவந்து வைக்கும். அதற்குள் ஒரு ஸ்ட்ரக்ட் (பல தரவுகளைச் சேர்த்துக் கட்டிய வகை) வரையறை இருந்தால் நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) மறுவரையறைப் பிழை காட்டி நின்றுவிடும். டைப்டெஃபை (ஒரு வகைக்கு வைக்கும் மாற்றுப்பெயரை) அதே பொருளில் திரும்ப எழுத, சி செந்தரத்தின் (ஸ்டாண்டர்ட்) 2011 பதிப்பான சி11 இடம் கொடுத்தது. ஸ்ட்ரக்டுக்கு அந்தச் சலுகை சி23இல்தான் வந்தது. ஆக, தடுக்க வேண்டியது மறுசேர்ப்பை. அது பெயரிலேயே தெரிந்தால் புதிதாகப் படிப்பவருக்குப் பாதி விளக்கம் மிச்சம்.

> அப்படியானால் ‘மறுசேர்ப்புத் தடை’ போதுமே?

தடை என்பது அறிவிப்பது, மீறினால் குற்றம். தடுப்பு என்பது நட்டு வைப்பது. வந்தது அதைத் தாண்டாது, அவ்வளவுதான். தடுப்பின் முதல் வரியான இஃப்ன்டெஃப் செய்வது இரண்டாவதையே. ஒரு பெயர் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் அடுத்த வரி அதை வரையறுக்கிறது, கோப்பு முழுவதும் உள்ளே போகிறது. இருந்தால் முடிவு வரியான என்டிஃப் வரை சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறது. பிழையோ எச்சரிக்கையோ எழாது. ‘ஒருமுறைத் தடுப்பு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார்; அது ஒரே ஒரு முறை மட்டும் தடுக்கும் என்று தலைகீழாகப் பொருள்பட்டுவிடும்.

‘தடுப்பு’ கிளைக்கவும் செய்கிறது: தடுப்புப் பெயர், தடுப்புள்ள கோப்பு, தடுப்பற்ற கோப்பு, தடுப்புப் பெயர் மோதல். கடைசிச் சொல் நமக்குக் கட்டாயம் வேண்டும். இரண்டு நூலகங்கள் தங்கள் கோப்புக்கு ‘யூட்டில்ஸ்_ஹெச்’ என்றே தடுப்புப் பெயர் வைத்திருந்தால், இரண்டாவதாக வரும் கோப்பின் அறிவிப்புகள் அத்தனையும் காணாமல் போகும். பிழை வேறெங்கோ, சம்பந்தமில்லாத வரியில் தலைகாட்டும். பிறர் எழுதிய கோப்புக்கு நாம் தடுப்பு வைக்கும்போது திட்டத்தின் பெயரையும் முன்னொட்டாகச் சேர்க்கச் சொல்வது இதனால்தான். அடிக்கோடும் பெரிய எழுத்துமாகத் தொடங்கும் பெயர்கள் நிரல்பெயர்ப்பிக்கும் செந்தர நூலகத்துக்கும் ஒதுக்கப்பட்டவை. பலரும் பழக்கத்தில் அப்படியே எழுதுகிறார்கள், நாம் எழுத வேண்டாம்.

இனி ‘தடுப்பற்ற’ என்ற சொல். இது குறை சொல்லும் சொல்லாக மாறிவிடக் கூடாது என்பதில் எனக்கு அக்கறை உண்டு. பிளான் 9 இயங்குதளத்தின் சொந்தத் தலைப்புக் கோப்புகளில் பெரும்பாலும் தடுப்பு இருக்காது. ஒரு தலைப்புக் கோப்பு இன்னொன்றைச் சேர்க்கக் கூடாது, எதற்குப் பின் எது என்பதை நிரலர் தாமே வரிசையாக எழுத வேண்டும் என்பது அங்கே நெறி. கையேட்டுப் பக்கங்களும் அந்த வரிசையைக் காட்டும்: முதலில் யூ.ஹெச், அடுத்து லிப்சி.ஹெச். அதே நிரல்களை யூனிக்ஸுக்குக் கொண்டுவந்த பிளான்9போர்ட் திட்டத்தில் லிப்சி.ஹெச் கோப்புக்குத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். இரண்டுமே யோசித்துச் செய்தவை. அசெர்ட்.ஹெச் இன்னொரு வகை: ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் என்டீபக் (சோதனையை அணைக்கும் பெயர்) வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, நிரலில் ஒரு நிபந்தனையைச் சோதிக்கும் அசெர்ட் மேக்ரோவைப் புதிதாக வரையறுக்க வேண்டும் என்று செந்தரமே சொல்கிறது. அதற்குத் தடுப்பு வைத்தால் கெட்டுப்போகும். இப்படி வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் சேர்க்கப்படுபவற்றுக்குப் ‘பலமுறைச் சேர்ப்புக் கோப்பு’ என்று தனிப்பெயர் கேட்கிறேன். மூலத்திட்டத்துக்குப் பேட்ச் (திருத்தம்) அனுப்புமுன் கோப்பு எந்த வகை என்று பார்த்தாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தடுப்பு போட்டு அனுப்பினால் பராமரிப்பவர் திருப்பி அனுப்புவார், அதுவே நியாயம்.

> பிராக்மா ஒன்ஸ் என்ற ஒரே வரி இருக்க இவ்வளவு எதற்கு?

கோப்பை ஒருமுறைதான் சேர் என்று சொல்லும் அந்த வரி சி செந்தரத்தில் இல்லை. பல நிரல்பெயர்ப்பிகள் ஏற்கின்றன, அவ்வளவே. பிறர் திட்டத்தில் அதைப் புகுத்த நமக்கு உரிமை குறைவு. வேகத்துக்காக என்றாலும் தேவையில்லை: தடுப்புக்கு வெளியே குறிப்புரை தவிர எதுவும் இல்லையென்றால் ஜிசிசி என்ற நிரல்பெயர்ப்பி தடுப்புப் பெயரை நினைவில் வைத்து, அடுத்த முறை கோப்பைப் படிக்காமலே விட்டுவிடும். எனவே உரிமக் குறிப்பு மேலே இருக்கலாம், அறிவிப்பு ஒன்றும் வெளியே இருக்கக் கூடாது.

வரையறையில் ஒரு சிக்கல் மிச்சம். ‘ஒரே டிரான்ஸ்லேஷன் யூனிட்டுக்குள்’ (ஒரு மூலக் கோப்பும் அது சேர்க்கும் கோப்புகளும் ஒன்றாக) என்று எழுத வேண்டியிருக்கிறது. ‘மொழிபெயர்ப்பு அலகு’ என்றால் கதை கவிதை மொழிபெயர்ப்பு என்று எண்ணிவிடுவார்கள். நிரல்பெயர்ப்பி என்ற சொல் புழக்கத்தில் இருப்பதால் ‘பெயர்ப்பு அலகு’ என்று எழுதியிருக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள். அது தீர்ந்த பிறகு இரண்டையும் சேர்த்தே சொற்பட்டியலில் ஏற்றுகிறேன்.