கடல் காற்றுக்கு ரீஃபர்பிஷ்டு லேப்டாப் தாங்குமா? ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து அனுபவங்கள்

தங்கச்சிமடம் அக்கா

காலேஜ் சேரப்போற மகளுக்கு லேப்டாப் வேணும். ஒரே காசுக்கு ரெண்டு கிடைக்குது. ஒண்ணு புதுசு: செலரான் ப்ராசஸர், 4 ஜிபி ராம். இன்னொண்ணு ரீஃபர்பிஷ்டு, அதாவது கம்பெனியில ஓடி, சரிபார்த்து மறுபடி விக்கிற டெல் லேட்டிட்யூட் 5490: ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பி.காம் படிப்பு, டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு, அவ்வளவுதான் தேவை. வீடு கடலுக்குப் பக்கம். ஜன்னல் கம்பியே பொரிஞ்சு உதிருற இடம். வாங்கி வச்சிருக்கவங்க, பிரிச்சுப் பார்த்தவங்க சொல்லுங்க.

உச்சிப்புளி சர்வீஸ்

அக்கா, இந்த ரெண்டுல லேட்டிட்யூட்தான். ஆனா ப்ராசஸர் எண்ணை முழுசாப் பார்க்காம காசு கொடுக்காதீங்க. "ஐ5" என்று மட்டும் சொன்னால் அது எந்தக் காலத்து ஐ5 என்று தெரியாது. அதன் பின்னால் வரும் எண்தான் வயதைச் சொல்லும். 7200யூ, 7300யூ என்றால் 7ஆம் தலைமுறை. 8250யூ, 8350யூ என்றால் 8ஆம் தலைமுறை. 10210யூ, 10310யூ என்றால் 10. 1135ஜி7 என்றால் 11.

7க்கும் 8க்கும் நடுவில்தான் பெரிய இடைவெளி. 7200யூவில் 2 கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), 8250யூவில் 4 கோர். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்ளும் இன்டெல் வரிசையும் 8ஆம் தலைமுறையில்தான் ஆரம்பிக்கிறது (7இல் கைவிட்டு எண்ணக்கூடிய சில விதிவிலக்குகள் உண்டு, நாம் பார்க்கும் மாடல்கள் அதில் வராது), கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய இயந்திரத்தில் குறுக்குவழியாக விண்டோஸ் 11 ஏற்றி "எல்லாம் ஓடுது" என்று காட்டுவார்கள். ஓடத்தான் செய்யும், ஆனால் வருடாந்திரப் பெரிய அப்டேட் தானாக வராமல் நின்றுவிடும்.

எச்பி எலைட்புக் 840 ஜி5 பார்க்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அதே மூடி, அதே பெயர், உள்ளே 7ஆம் தலைமுறையும் உண்டு, 8ஆம் தலைமுறையும் உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ப்ராசஸர் பெயர் முழுசாக இருக்கும். கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்.

ராம் விஷயமும் சொல்லிவிடுகிறேன். லேட்டிட்யூட் 5490, 7490, திங்க்பேட் டி480, எலைட்புக் 840 ஜி5, இவற்றில் ராமுக்கு 2 ஸ்லாட் உண்டு, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். டி490இல் ஒரு பகுதி மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும், ஸ்லாட் ஒன்றுதான். எக்ஸ்1 கார்பனில் முழுக்கப் பற்றவைத்ததுதான், வாங்கும் அன்று எவ்வளவோ கடைசிவரை அவ்வளவே. மலிவான புது லேப்டாப்கள் பலவற்றிலும் இதே கதை, அதுவும் 4 ஜிபியோடு.

பாம்பன் போர்டு வேலை

தலைமுறை, ராம் எல்லாம் எந்த ஊருக்கும் பொது. நம்ம கரைக்கு முதல் கேள்வி வேறு: இந்த லேப்டாப் இதற்கு முன் எங்கே இருந்தது? பெங்களூர், ஹைதராபாத் ஏசி அலுவலகத்தில் 4 வருடம் ஓடியது, கடற்கரை வீட்டில் ஒரு வருடம் கிடந்ததைவிட உள்ளே சுத்தமாக இருக்கும். ஓடிய வருடத்தை விட்டுவிட்டு உப்பைத் தேடுங்கள்.

காரணம் இதுதான். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீர்த்துவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே பிசுபிசுக்க ஆரம்பிக்கும். ஃபேன் உள்ளே இழுக்கிற காற்றோடு வரும் உப்புத்தூள் போர்டில் படிகிறது. ராத்திரி ஈரம் ஏறும்போது மின்சாரம் கடத்தும் படலமாகிறது. ஷட் டவுன் செய்தாலும் பேட்டரி செருகியிருக்கும்வரை போர்டின் சில இடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். அந்த ஈரப்படலத்தின் வழியே சிப்பின் ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு உலோகம் மெல்ல நகர்ந்து ஷார்ட் ஆகிறது. அதனால்தான் தினமும் ஓடுகிற லேப்டாப்பைவிட மாதக்கணக்கில் அலமாரியில் பேட்டரியோடு கிடந்தது இங்கே சீக்கிரம் சாகிறது.

வாங்கும்போது அடி மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லேட்டிட்யூட், திங்க்பேட் இரண்டிலும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும், ஓரத்துக் கொக்கிகளைத் தட்டையான பிளாஸ்டிக் துண்டால் நெம்பினால் மூடி வந்துவிடும், 5 நிமிட வேலை. திறக்கமாட்டேன் என்று மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

திறந்ததும் கண் போக வேண்டிய இடங்கள்:

முதலில் ஸ்க்ரூ தலைகள், யுஎஸ்பி, எச்டிஎம்ஐ போர்ட்டின் தகர உறை. அங்கே பழுப்பு இருந்தால் உள்ளேயும் இருக்கும். அடுத்து போர்டின் ஓரத்தில் ஸ்க்ரூ ஏறும் வட்டங்கள், ஷீல்டு தகடு ஒட்டிய விளிம்பு. செம்பு பச்சை பூத்திருந்தாலோ, சாலிடர் பளபளப்பு போய் வெள்ளைத் தூளாக இருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "ஆல்கஹால் போட்டுத் துடைச்சுத் தர்றோம்" என்பார்கள். மேலே தெரிவது போகும். சிப்புக்கு அடியில் இருப்பது போகாது. ஹீட் சிங்க்கின் (ப்ராசஸர் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) துடுப்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள். துடுப்பு தின்னப்பட்டு நொறுங்கினால் சூடு வெளியேறாது. கடைசியாகத் திரையின் கீல்: மூடியைப் பாதி திறந்து விட்டால் அப்படியே நிற்க வேண்டும். "கிறீச்" என்றால் உள்ளே துரு. அது பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

உறை விஷயமும் உண்டு. வணிக வகை லேப்டாப்களில் சிலவற்றின் உடல் மெக்னீசியக் கலவை. பெயின்ட் இருக்கும்வரை உறுதி. பெயின்ட் உரிந்த மூலையில் உப்பு பட்டால் புண் மாதிரி பொருக்குத் தட்டி அரித்துக்கொண்டே போகும். கீறல் விழுந்ததைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்று வாங்கினால், அன்றே அந்த இடத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட் அடித்துவிடுங்கள்.

கீழக்கரை கணக்கு

பாம்பன் காக்கா (எங்க பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னதோடு இன்னொண்ணு. நம்ம ஊர்ல துபாய், சிங்கப்பூர், மலேசியாவுல இருந்து வர்றவங்க கொண்டாந்து விக்கிற லேப்டாப் நிறைய. விலை குறைவு, ஆனா பார்க்க வேண்டியது மூணு.

துபாயில இருந்து வந்ததுன்னா கீபோர்டில் அரபி எழுத்தும் சேர்ந்திருக்கலாம். தட்டச்சுக்குத் தடையில்லை, ஆனா மாத்தணும்னா பல மாடல்களில் உள்ளே பாதியைப் பிரித்தால்தான் கீபோர்டு வெளியே வரும். அடாப்டர் பிரிட்டிஷ் பிளக்காக இருக்கும். கன்வெர்ட்டர் போட்டு ஓட்டாமல், அடாப்டருக்குப் போகிற 3 பின் ஒயரை மட்டும் இந்திய பிளக் உள்ள ஒயராக மாற்றுங்கள்.

மூணாவதுதான் பெரிசு: கம்பெனிப் பூட்டு. ஆட்டோபைலட் என்று ஒரு ஏற்பாடு இருக்கு. லேப்டாப்பின் அடையாளம் பழைய கம்பெனியின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். விக்கிறவர் இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸ் போட்டுக் கொடுத்தால் ஒன்றுமே தெரியாது, நல்லா ஓடும். என்றைக்காவது நெட்டோடு ரீசெட் செய்தால் அந்தக் கம்பெனி பெயர் போட்டு அவங்க மெயில், பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். பழைய கம்பெனியின் ஐடி ஆள் நீக்கினால்தான் முறையாகத் தீரும். அதனால் வாங்கும் இடத்திலேயே, உங்க போன் ஹாட்ஸ்பாட்டோடு இணைத்து, முழு ரீசெட் போட்டுப் பாருங்கள். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். காத்திருக்கலாம்.

பயாஸுக்குள்ளும் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் செட்டிங்ஸ் பக்கம்) போய்ப் பாருங்கள்: டெல்லில் எஃப்2, லெனோவாவில் எஃப்1, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம். திங்க்பேட்டின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு, உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றினால் போகாது. செக்யூரிட்டி பக்கத்தில் அப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் "ஆக்டிவேட்டட்" என்றிருந்தால் அதுவும் வேண்டாம். எத்தனை தடவை விண்டோஸ் மாற்றினாலும் அந்தக் கண்காணிப்பு மென்பொருள் தானாகத் திரும்ப ஏறிக்கொள்ளும்.

ராமநாதபுரம் டவுன்

பேட்டரி, எஸ்எஸ்டி, லைசென்ஸ் மூன்றையும் கடையிலேயே சோதிக்கும் முறை.

கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் ஒரு கோப்பு உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண். இரண்டாவது முதலாவதில் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் நல்லது. 60க்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். செல் மட்டும் மாற்றிய பேட்டரி "சைக்கிள் 0", அதாவது இதுவரை சார்ஜே ஏற்றாதது என்று காட்டக்கூடும். அதனால் சார்ஜரைக் கழற்றி, முழு வெளிச்சத்தில் அரை மணி நேரம் வீடியோ ஓட்டுங்கள். 15 சதவீதத்துக்குள் இறங்கினால் சரி. 60இல் இருந்து திடீரென்று 20க்குக் குதித்தால் ஒரு செல் போய்விட்டது. டச்பேட் மேலெழும்பி நின்றால் அடியில் பேட்டரி வீங்கியிருக்கிறது, தொடவே வேண்டாம்.

எஸ்எஸ்டிக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள். கம்பெனி லேப்டாப்பில் 10,000 மணி நேரம் ஓடியதாகக் காட்டினாலும் பயமில்லை. ஹெல்த் சதவீதத்தையும், மீடியா எரர் 0 தானா என்பதையும் பாருங்கள்.

லைசென்ஸுக்கு எஸ்எல்எம்ஜிஆர், இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐ. "ஓஇஎம்" (லேப்டாப்போடு வந்தது) அல்லது "ரீடெய்ல்" (தனியாக வாங்கியது) என்று வந்தால் சரி. "வால்யூம் கேஎம்எஸ் க்ளையன்ட்" என்று வந்தால் அது கம்பெனிகளுக்கான லைசென்ஸ், 180 நாள் தவணையில் ஓடுவது. வீட்டு உபயோகத்துக்கு விற்கிற லேப்டாப்பில் அது இருக்கக் கூடாது.

அடாப்டர்: டெல் 65 வாட் என்றால் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர். லெனோவா 20 வோல்ட், 3.25 ஆம்பியர். டெல் பின்னின் நடுவில் இருக்கும் ஊசி, அடாப்டர் யார் என்று லேப்டாப்புக்குச் சொல்லும். டூப்ளிகேட் அடாப்டரிலோ, ஊசி துருப்பிடித்தாலோ பேட்டரி ஏறாது, ப்ராசஸர் வேகமும் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே விழும். "லேப்டாப் ஸ்லோ" என்று வருகிற பல டெல்களில் குறை அந்த ஊசியில்தான்.

தொண்டி

எல்லாரும் பழசுக்கே சொல்வதால் மறுபக்கமும் சொல்ல வேண்டும். கடையில் நாள் முழுக்க பில் போடவோ, லாட்ஜ் ரிசப்ஷனிலோ வைக்க வேண்டியது என்றால் ஆன்சைட் வாரண்டியோடு (சர்வீஸ் ஆள் நம்ம இடத்துக்கே வருவது) புதுசுதான் சரி. நமக்குப் பெரிய சர்வீஸ் சென்டர் என்றால் மதுரை. ராமேஸ்வரத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனால் 150 கிலோமீட்டருக்கு மேல், ஒரு நாள் வேலை போச்சு. இன்ஜினியரிங்கில் கேட் (கணினியில் வரைபடம் போடுவது), 3டி மென்பொருள் ஓட்டுகிறவர்களுக்கும் தனி கிராஃபிக்ஸ் உள்ள புதுசே நல்லது. ஆனால் வாரண்டி உற்பத்திக் குறைக்குத்தான். ஈரத்தால் வந்த துரு என்று எழுதிவிட்டால் பொதுவாகப் புதுசுக்கும் வாரண்டி கிடைக்காது.

கணக்கு எளிது. ரீஃபர்பிஷ்டு விலையோடு நல்ல பேட்டரி, ஒரிஜினல் அடாப்டர் விலையையும் சேர்த்துக் கூட்டுங்கள். ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜிபி ராம் உள்ள புது லேப்டாப் விலையில் பாதியைத் தாண்டினால் புதுசு வாங்குங்கள். வேகம் குறைந்த செலரானோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

தங்கச்சிமடம் அக்கா

ரொம்ப நன்றிங்க. வாங்கினபிறகு இந்தக் காத்துல எப்படி வச்சுக்கணும்? பில்லுல என்ன எழுதி வாங்கணும்?

பாம்பன் போர்டு வேலை

ஜன்னலோரம், மொட்டை மாடி வேண்டாம் அக்கா. ஆடிக்காற்றில் மணலும் சேர்ந்து வரும். வேலை முடிந்ததும் ஜிப் வைத்த பையில், சிலிக்கா ஜெல்லோடு. ஜெல் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடுங்கள், ஈரம் குடித்து முடித்த ஜெல்லால் பயனில்லை. விடுமுறையிலும் வாரம் 2 தடவை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், உள்சூட்டில் ஈரம் வெளியேறும். 22 டிகிரி ஏசி அறையில் இருந்து வெளியே கொண்டுவந்தால் உடனே ஆன் செய்யாமல் அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோர்க்கும். திரையை ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து ஓரத்துக்குள் இறங்கும். முதலில் காய்ந்த பிரஷ், பிறகு லேசாக ஈரம் தொட்ட மைக்ரோஃபைபர். வருடம் ஒரு முறை, மழைக்காலம் முடிந்து தை மாதத்தில், திறந்து ஃபேனைச் சுத்தம் செய்து, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் போர்ட்களைத் துடைத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே எதையும் போர்டில் அடிக்க விடாதீர்கள், அதன் எண்ணெயில் உப்பும் தூசியும் இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

கீழக்கரை கணக்கு

பில்லில் "ரீஃபர்பிஷ்டு" என்ற சொல், மாடல், ப்ராசஸர் எண் முழுசாக, ராம், எஸ்எஸ்டி அளவு, சீரியல் எண், கடையின் ஜிஎஸ்டி எண், வாரண்டி எத்தனை மாதம், பேட்டரியும் அடாப்டரும் அதில் சேருமா என்பது. டெல்லில் சீரியலுக்குப் பதில் 7 எழுத்து சர்வீஸ் டேக் இருக்கும். அடியில் ஒட்டியிருப்பதும் பயாஸில் காட்டுவதும் ஒன்றாக இருக்கணும். வேறாக இருந்தால் போர்டு மாற்றியிருக்கலாம். அந்த டேக்கை டெல் தளத்தில் போட்டால் எந்த நாட்டுக்கு, எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்பது வரும். அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள், அக்கா.