லண்டன்–பிரிஸ்டல் ரயிலுக்கு இரண்டு துண்டுச் சீட்டு எடுத்தால் செல்லுமா?

நாகலூர் வாத்தியார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வசித்துவரும் நானும் என் மனைவியும், பிரிஸ்டலில் வேலை பார்க்கும் மகளைக் காண வரும் மே மாதம் முதன்முறையாக இங்கிலாந்து செல்கிறோம். கோடை விழாக் கூட்டம் மலையேறுவதற்குள் நாங்கள் இறங்கிவிடுவோம் என்பது கூடுதல் நிம்மதி. லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ் வரை வண்டி மாறாமல் போகலாம் என்றாலும், ஒரே சீட்டாக எடுக்காமல் லண்டனிலிருந்து வழியிலுள்ள டிட்காட் நிலையம் வரை ஒன்று, டிட்காட்டிலிருந்து பிரிஸ்டல் வரை மற்றொன்று என்று பிரித்து எடுத்தால் கணிசமாகக் குறைகிறது என்று மகள் சொல்கிறாள்.

எனக்கு இது புரியவில்லை. நம் ஊரில் துண்டு துண்டாக எடுத்தால் கூடத்தானே செய்யும்? அங்கே மட்டும் குறைவது ஏதேனும் குறுக்கு வழியோ, வயதான காலத்தில் பரிசோதகரிடம் தலைகுனிந்து நிற்க நேருமோ என்று மனைவி அஞ்சுகிறார். டிட்காட்டில் பெட்டி படுக்கையுடன் இறங்கி மறுபடியும் ஏற வேண்டுமா, வண்டி தாமதமானால் இரண்டாவது சீட்டு வீணாகுமா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சூரமங்கலம் கவுண்டர் எழுதியது:

ஐயா, முப்பது ஆண்டுகள் முன்பதிவு ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் நம் ஊர்க் கணக்கை மட்டும் சொல்கிறேன். உங்கள் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பது அதிலேயே விளங்கும். நம் ரயில்வேயில் தூரம் கூடக் கூட, ஒரு கிலோமீட்டருக்கான கட்டணம் இறங்கிக்கொண்டே வரும். இதை 'டெலஸ்கோபிக்' கட்டணம் என்போம். பயணத்தை நடுவில் வெட்டினால் அந்தச் சலுகை போய், கட்டணம் மறுபடியும் முதல் கிலோமீட்டரிலிருந்து தொடங்கும்.

அதற்கும் மேலாகக் குறைந்தபட்சத் தூரம் என்று ஒன்று இருக்கிறது. ஸ்லீப்பர் வகுப்பில் நீங்கள் எவ்வளவு குறைவாகப் பயணம் செய்தாலும் 200 கிலோமீட்டருக்குக் கட்டணம் வாங்குவார்கள்; மூன்றடுக்கு ஏசி என்றால் 300. ஏற்காடு எக்ஸ்பிரஸில் சேலத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 334 கிலோமீட்டர். அதை ஸ்லீப்பர் வகுப்பில் ஜோலார்பேட்டையில் வெட்டினால் முதல் துண்டு 120 கிலோமீட்டர்தான், ஆனால் 200-க்குப் பணம் கட்ட வேண்டும். இரண்டாவது துண்டு 214. ஆக 334-க்குப் பதில் 414 கிலோமீட்டருக்குக் கட்டுகிறீர்கள். முன்பதிவுக் கட்டணம் 20 ரூபாய், அது சூப்பர்ஃபாஸ்ட் வண்டி என்பதால் 30 ரூபாய், இரண்டும் இரண்டு முறை. எவரும் பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக இங்கே பிரித்து எடுப்பதில்லை. நேர்ச்சீட்டில் காத்திருப்போர் பட்டியல் காட்டி, பாதித் தூரத்துக்கு மட்டும் படுக்கை இருக்கும்போதுதான் வேறு வழியின்றி எடுப்பார்கள்.

ஃபேர்லேண்ட்ஸ் அகிலா எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். எட்டு ஆண்டுகள் இங்கிலாந்தின் ரெடிங்கில் வசித்துவிட்டு இப்போது சேலத்துக்கே திரும்பிவிட்டேன். முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், இது குறுக்கு வழி அன்று. பிரிட்டனின் தேசிய ரயில் பயண நிபந்தனைகளில் 14-ஆவது நிபந்தனையே, ஒரு பயணத்துக்கு இரண்டோ அதற்கு மேலோ சீட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாக அனுமதிக்கிறது. அதற்கான அடிப்படை விதி ஒன்றே ஒன்று: ஒரு சீட்டு முடிந்து மற்றொன்று தொடங்கும் நிலையத்தில் நீங்கள் செல்லும் வண்டி நிற்க வேண்டும். வண்டி நின்றால் போதும், நீங்கள் இறங்க வேண்டியதில்லை.

அங்கே குறைவது ஏன் என்றால், தூரத்தை மட்டும் அளந்து விலை வைக்காமல், எந்த இரு ஊர்களுக்கு இடையே எந்த நேரத்தில் எவ்வளவு கேட்கலாம் என்று தனித்தனியே விலை வைத்திருக்கிறார்கள். காலை நெரிசல் நேரத்தில் லண்டனை விட்டுப் புறப்பட்டால், பிரிஸ்டல் வரை முழுத் தூரத்துக்கும் 'எனிடைம்' என்னும் உச்ச விலையே விழும். வண்டி டிட்காட்டை அடையும்போது நெரிசல் நேரம் முடிந்திருந்தால், அங்கிருந்து தொடங்கும் சீட்டுக்கு, நெரிசலற்ற நேரத்துக்கான 'ஆஃப்-பீக்' விலை பொருந்தும். உங்கள் மகள் சொல்லும் மிச்சம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இப்போது நான் மாட்டிக்கொண்ட கதை. ஒருமுறை இதே போன்ற இரண்டு சீட்டுகளை வைத்துக்கொண்டு, நடைமேடையில் முன்னால் நின்ற விரைவு வண்டியில் அவசரமாக ஏறிவிட்டேன். பிரிக்கும் நிலையம் வந்ததும் வண்டி வேகத்தைக் குறைக்கவே இல்லை. பெயர்ப் பலகை நீலக் கோடாகக் கண்ணைத் தாண்டிப் போனது. பத்து நிமிடத்தில் பரிசோதகர் வந்தார், இரண்டு சீட்டையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார், "இந்த வண்டி அங்கே நிற்காதே அம்மா" என்றார். கோபப்படவில்லை, ஆனால் பணம் கட்டத்தான் வேண்டியிருந்தது. தவறு முழுக்க என்னுடையது. பாடிங்டனிலிருந்து பிரிஸ்டல் செல்லும் வண்டிகளில் பல டிட்காட்டில் நிற்பதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பருவச் சீட்டு அல்லது வட்டாரச் சீட்டு ஒன்றோடு மற்றொரு சீட்டைச் சேர்க்கும்போது மட்டும் வண்டி நிற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அது உங்களுக்குப் பொருந்தாது.

தாமதத்தைப் பற்றி: விதிப்படி சேர்த்த சீட்டுகள் ஒரே பயணமாகக் கருதப்படும். முதல் வண்டி தாமதமாகி இணைப்பு வண்டியைத் தவறவிட்டாலும், மாறுவதற்கு உரிய குறைந்தபட்ச நேரத்தை விட்டுத் திட்டமிட்டிருந்தால் அடுத்த வண்டியில் செல்லலாம். இழப்பீடும் முழுப் பயணத்தின் தாமதத்துக்கே கேட்கலாம். பயணத்தை ரத்து செய்வதில்தான் சங்கடம். முன்கூட்டியே வாங்கும் 'அட்வான்ஸ்' வகைச் சீட்டுக்குப் பணம் திரும்பாது. மற்றவற்றுக்கு 5 பவுண்டு வரை பிடித்துக்கொள்வார்கள், ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே பிடிக்க நேரலாம்.

சூரமங்கலம் கவுண்டர் எழுதியது:

நல்ல விளக்கம். இந்தத் தாமத விஷயத்தில் நாமும் அவ்வளவு பின்தங்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். 2019 ஏப்ரல் முதல், ஒரே பயணிகளின் பெயரில் உள்ள இரண்டு பிஎன்ஆர்களை இணைக்கலாம்; முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது வண்டி தவறினால் பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். அங்கே அடுத்த வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள், இங்கே பணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஸ்விண்டனில் ஒரு ஆத்தூர்க்காரன் எழுதியது:

ஐயா, சலுகை அட்டையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்தே பயணம் செய்வதால் 'டூ டுகெதர்' அட்டை ஒன்று போதும், கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 2025 மார்ச்சில் அதன் விலையை 35 பவுண்டாக உயர்த்தினார்கள். அந்த விலையில், இருவருக்குமான மொத்தக் கட்டணம் 105 பவுண்டைத் தாண்டினால்தான் அட்டையால் லாபம். வார நாள்களில் காலை 9.30-க்கு முன் அது செல்லாது.

அறுபது வயது கடந்தவர்களுக்கான 'சீனியர்' அட்டையில் ஒரு நுணுக்கம் உண்டு. லண்டன், தென்கிழக்கு வட்டாரத்துக்குள்ளேயே தொடங்கி முடியும் பயணங்களுக்குக் காலை நெரிசல் நேரத்தில் அந்தத் தள்ளுபடி கிடையாது. டிட்காட் அந்த வட்டாரத்துக்குள் அடங்கும், பிரிஸ்டல் அடங்காது. ஆகவே காலையில் புறப்பட்டு, பிரித்து எடுத்து, அதில் சீனியர் அட்டையையும் நுழைத்தால் முதல் துண்டுக்குத் தள்ளுபடி போய்விடும். பத்து மணிக்குப் பின் கிளம்பினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

மற்றொன்று, இரண்டு சீட்டிலும் இருக்கை எண் வேறாக இருந்தால், டிட்காட்டில் வண்டி நிற்கும் அந்த ஓரிரு நிமிடத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு இடம் மாற நேரும். வாங்கும்போதே மகளை ஒரே இருக்கையாகக் கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நாகலூர் வாத்தியார் எழுதியது:

மூவருக்கும் நன்றி. உங்கள் பதில்களை மகளுக்கு அனுப்பி, பகல் பத்து மணிக்குப் பிந்தைய வண்டிகளைப் பார்க்கச் சொன்னேன். அந்த நேரத்தில் லண்டனிலிருந்தே ஆஃப்-பீக் விலை கிடைப்பதால் பிரித்து எடுப்பதில் மிச்சம் மிகவும் சுருங்கிவிட்டதாம். போகும்போது ஒரே சீட்டு என்று முடிவு செய்திருக்கிறோம். திரும்பும் நாளில் விமானத்துக்காக அதிகாலையில் கிளம்ப வேண்டியிருப்பதால் அப்போது மட்டும் இரண்டு துண்டு. அந்த வண்டி டிட்காட்டில் நிற்கிறது என்பதை நேர அட்டவணையில் என் மனைவியே கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்த்துவிட்டார்.